பவளத்துக்கு பாக்டீரியா துணை

காரைக்குடி ஆசிரியை: கடல் சாமந்தி பூவா, பிராணியா?

பிராணி. இதழ்கள் என்று நீங்கள் ரசிப்பதெல்லாம் விஷ ஊசி பதித்த கைகள். மூளை இல்லை, எலும்பு இல்லை. உடம்புக்கு வாசல் ஒன்றே ஒன்று. சாப்பாடு போவதும் கழிவு வருவதும் அதே வழிதான். பறித்துத் தலையில் சூடிக்கொள்ளும் ஆசை வேண்டாம்.

மதுரை நகைப் பட்டறைக்காரர்: அப்படியானால் பவளம்? நாங்கள் கல் என்றுதானே கட்டுகிறோம்!

நீங்கள் கட்டுவது ஒரு பிராணியின் எலும்புக்கூடு. 1720-களில் மார்செய் நகரத்து மருத்துவர் பெய்சொனெல் "பவளம் செடியல்ல, பிராணி" என்று பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். அதைச் சபையில் வாசித்த பெரிய மனிதர் ரேமுர், எழுதியவர் மானம் போய்விடக் கூடாதே என்று பெயரை மறைத்துவிட்டார். சரியாகச் சொன்னவருக்கு அப்படி ஒரு கருணை!

கடலடியில் பாறை கட்டும் பவளமும் கடல் சாமந்தியும் பங்காளிகள். ஒருவர் சுண்ணாம்பில் மாளிகை எழுப்பிவிட்டார், இன்னொருவர் வெறும் உடம்போடு நிற்கிறார். வித்தியாசம் அவ்வளவே.

நாகர்கோவில் கல்லூரி மாணவி: சாமந்தியின் உடம்பெல்லாம் பாக்டீரியாவாமே. அதற்கு ஏதாவது நோயா, அங்கிள்?

உனக்கு நோயா, அம்மா? உன் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருக்கும். உன் சொந்தச் செல்கள் 30 லட்சம் கோடி. 2016-இல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் போட்ட கணக்கு இது. உன் உடம்பிலேயே நீ சிறுபான்மை.

திருச்சி வாசகர்: கடல் தண்ணீரில் இருக்கும் பாக்டீரியா வந்து ஒட்டிக்கொள்கிறது. இதில் என்ன அதிசயம்?

வந்து ஒட்டியதென்றால் தண்ணீரில் இருப்பதும் உடம்பில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையே! 2002-இல் ஃபாரஸ்ட் ரோவர் குழு கரீபியன் பக்கம் பார்த்தது. அக்கம்பக்கத்தில் வாழும் இரண்டு வகைப் பவளங்களுக்கு வெவ்வேறு பாக்டீரியாக் கூட்டம். ஆனால் ஒரே வகைப் பவளம் 3,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் கூட்டம் ஏறக்குறைய அதேதான்.

பக்கத்து வீட்டோடு ஒட்டாமல், தூரத்துச் சொந்தத்தோடு ஒட்டுகிற குணம் கடலுக்குள்ளும் உண்டு.

ஈரோடு வாசகர்: கண்ணுக்கே தெரியாததை "இது இன்ன பாக்டீரியா" என்று எப்படிச் சொல்கிறார்கள்?

16எஸ் என்று ஒரு மரபணு. எல்லா பாக்டீரியாவிடமும் உண்டு, எழுத்து வரிசை மட்டும் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். அதுதான் அவற்றின் ஆதார் எண். அமெரிக்கர் கார்ல் வோஸ் 1977-இல் இந்த வழியில் போய், உயிர்க்குலத்தில் யாருமே கவனிக்காத ஒரு பெரிய கிளையையே கண்டுபிடித்தார்.

அதற்கு முன் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. கடல் பாக்டீரியாவில் மிகப் பெரும்பாலானவை தட்டில் வளர மாட்டேன் என்று அடம்பிடிப்பவை. அதனால் நூறு வருடம் நாம் வருகைப் பதிவே தப்பாக எடுத்துக்கொண்டிருந்தோம்.

சேலம் வாசகி: அத்தனை கோடி பேர் உட்கார்ந்து தின்கிறார்களா, வேலை ஏதும் செய்கிறார்களா?

சும்மா இருப்பவரும் சிலர் உண்டு. உழைப்பவர்களைச் சொல்கிறேன்.

பவளத்தின் திசுவுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் வாழ்கின்றன. வெயிலைச் சர்க்கரையாக்கி வீட்டுக்காரருக்குக் கொடுப்பவை. பவளத்தின் சாப்பாட்டில் பெரும்பங்கு இவற்றின் சமையல். பாசிக்கு பி12 வேண்டும். அதைத் தயாரிக்கும் வித்தை பாக்டீரியா வகையறாவுக்கு மட்டுமே தெரியும். ஆராய்ந்த பாசி இனங்களில் பாதிக்கு மேல் பி12 இல்லாமல் வளராதவை என்று 2005-இல் தெரிந்தது. சுத்த சைவக்காரருக்கு டாக்டர் ஊசியாகப் போடுகிறாரே, அதே பி12!

இன்னொரு பிரிவு, தண்ணீரில் கரைந்த நைட்ரஜனைப் பிடித்து உரமாக்குகிறது. உரம் அளவோடு இருக்கும் வரை நல்லது. மிஞ்சினால் பாசி கொழுத்துப்போய், வீட்டுக்காரருக்குக் கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். மூன்றாவது பிரிவு, வெளியாள் நுழையாதபடி சளியில் ஆன்டிபயாட்டிக் சுரக்கிறது. சோறு, உரம், காவல். ஒரு ஊராட்சிக்கு வேறென்ன வேண்டும்?

வேலூர் வாசகர்: சளியா? சீச்சீ!

சீச்சீ இல்லை, கோட்டைச் சுவர். ஃப்ளோரிடாவில் கிம் ரிச்சி என்ற ஆய்வாளர் மான்கொம்புப் பவளத்தின் சளியைச் சோதித்தார். சாதாரண நாளில் அது அயல் பாக்டீரியாவை வளரவிடவில்லை. 2005-இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்த சமயத்தில் எடுத்த சளியில் அந்தச் சக்தியே இல்லை. விப்ரியோக்கள் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தன. விப்ரியோ யாரென்று கேட்பீர்கள். காலரா இந்தக் குடும்பம்தான்.

தஞ்சாவூர் வாசகர்: சளியில் வைரஸும் உண்டாமே?

நிறைய. பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்கள் சளியில் ஒட்டிக்கொண்டு காவல் காப்பதாக 2013-இல் ஓர் ஆய்வு சொன்னது. பவளச் சளியிலும் அதே ஏற்பாடு, மனிதக் குடல் சளியிலும் அதே ஏற்பாடு. வைரஸ் என்றாலே வில்லன் என்று 2020-இல் படித்த பாடத்தில் ஒரு பக்கத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கோவை பொறியாளர்: கடல் சூட்டிலிருந்து காப்பாற்ற வேண்டியது பவளத்தை. விஞ்ஞானிகள் ஆராய்வது சாமந்தியை. ஏன் இந்தச் சுற்றுவழி?

பவளம் ஒத்துழைக்காது, ஐயா. வளர்வது நத்தை வேகத்தில். பல இனங்கள் முட்டையிடுவது வருடத்தில் சில இரவுகள்தான், அதுவும் பௌர்ணமியை ஒட்டி. தொட்டியில் தண்ணீர் கொஞ்சம் மாறினால் உயிரை விடும். நுண்ணோக்கியில் பார்க்கலாம் என்றால் சுண்ணாம்புக் கூடு மறைக்கும்.

இப்போது ஐப்டேசியா என்ற சின்னச் சாமந்தியைப் பாருங்கள். விரல் நீளம்கூட இல்லை. பவளத்துக்குள் இருக்கும் அதே குடும்பத்துப் பாசி இதற்குள்ளும். கூடு கிடையாது. பாதத்தில் ஒரு துணுக்கு கிழிந்து விழுந்தால் அதுவே இன்னொரு சாமந்தி. ஒரே ஆளிலிருந்து அச்சு அசலாக ஆயிரம் நகல் எடுத்துச் சோதிக்கலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம், பாசியை மொத்தமாக வெளியேற்றினாலும் ஐப்டேசியா சாகாது. இறால் குஞ்சு போட்டால் தின்றுவிட்டு வெள்ளையாக வாழும். பாசி இருக்கும் ஆளையும் இல்லாத ஆளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். பாறை கட்டும் பவளத்தைப் பாசியில்லாமல் நீண்ட நாள் வைத்துப் பாருங்கள், பட்டினியில் போய்விடும்.

2015-இல் சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா பல்கலைக்கழகத்தார் தலைமையில் இதன் மரபுத்தொகுதியைப் படித்து முடித்தார்கள். சுமார் 26 கோடி எழுத்து. ஈஸ்ட் ஆராய்ச்சியில் பெயர் வாங்கிய ஸ்டான்ஃபோர்டு ஜான் பிரிங்கிள்கூட இந்தச் சாமந்திப் பக்கம் வந்துவிட்டார். நல்ல ஆய்வுப் பிராணி எதுவென்று மோப்பம் பிடிக்கத் தெரிந்தவர்.

சென்னை கொளத்தூர் மீன்தொட்டிக்காரர்: அந்த ஐப்டேசியாதான் என் கடல்நீர்த் தொட்டியில் தொல்லை! எப்படி ஒழிப்பது?

கத்தியை எடுக்காதீர்கள், தம்பி. ஒன்று பத்தாகும், காரணம் மேலே சொல்லியாயிற்று. பெர்கியா என்ற கடல் நத்தை ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. விட்டுப் பாருங்கள். வேலை முடிந்ததும் அது பட்டினி கிடக்கும், அடுத்த தொட்டிக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள்.

விழுப்புரம் வாசகி: பாசி இருக்கும் சாமந்திக்கும் இல்லாத சாமந்திக்கும் பாக்டீரியா ஒன்றேதானா?

இல்லை. 2016-இல் பார்த்துவிட்டார்கள், கூட்டம் வேறு வேறு. சமையல்காரர் போனால் பந்திக்கு வரும் ஆளும் மாறுவார்.

தர்மபுரி வாசகர்: பாக்டீரியாவே இல்லாத சாமந்தியை உருவாக்கலாமா?

ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பெருமளவு குறைக்கலாம். பூஜ்யமாக்குவதுதான் பெரும்பாடு. பல கோடி வருடத்து உறவை ஒரு வாரக் கோர்ஸில் முடிக்கப் பார்த்தால்?

புதுச்சேரி ஆராய்ச்சி மாணவர்: பாக்டீரியாவை மாற்றினால் சாமந்தி சூடு தாங்குமா? நேரடிச் சான்று உண்டா?

உண்டு. இந்த வாரம் வந்த கேள்விகளில் எனக்கு மிகப் பிடித்தது இது. நெமடோஸ்டெல்லா என்றொரு சாமந்தி. அமெரிக்கக் கழிமுகச் சேற்றில் புதைந்து வாழ்வது. பாசி கிடையாது, அதனால் குழப்பமும் குறைவு. ஜெர்மனியில் செபாஸ்டியன் ஃபிரவுனே என்பவரின் குழு ஒரே சாமந்தியின் நகல்களை மூன்றாகப் பிரித்தது. 15 டிகிரியில் ஒரு கூட்டம், 20-இல் ஒன்று, 25-இல் ஒன்று. இரண்டு வருடத்துக்கு மேல் பழக்கினார்கள்.

மரபணு மூன்று கூட்டத்துக்கும் ஒன்றே. ஆனால் சூட்டில் பழகியவை கடும் வெப்பத்தைத் தாங்கின, குளிரில் பழகியவை மடிந்தன. அடுத்து செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். சூட்டில் பழகியவற்றின் பாக்டீரியாவை எடுத்து, அப்படிப் பழகாதவற்றுக்குக் கொடுத்தார்கள். வாங்கியவற்றின் தாங்கும் சக்தி கூடியது! பழகிய தாயின் பிள்ளைகளும் சூடு தாங்கின. 2022-இல் வெளியான ஆய்வு.

மரபணு மாறப் பல தலைமுறை வேண்டும். பாக்டீரியாக் கூட்டம் மாறச் சில வாரம் போதும். கடல் சூடாகும் வேகத்தைப் பார்த்தால் இந்த வித்தியாசம் உயிர் போகிற வித்தியாசம்.

ராணிப்பேட்டை வாசகர்: சாமந்தியில் நடந்தது பவளத்தில் நடக்கும் என்று என்ன நிச்சயம்?

நிச்சயம் கிடையாது, பொருந்தும் இடமும் உண்டு, பொருந்தாத இடமும் உண்டு. சாமந்திக்குச் சுண்ணாம்புக் கூடு இல்லை. பவளத்தின் கூட்டுக்குள்ளேயே தனியாக ஒரு பாக்டீரியா உலகம் இருக்கிறது. ஆய்வகத் தொட்டியில் பல வருடம் வளர்ந்த சாமந்தியின் கூட்டம் கடலில் வாழும் சாமந்தியின் கூட்டமும் அல்ல. சாமந்தி காட்டுவது கதவு. திறந்து உள்ளே போகும்போது பவளத்தையும் சோதிக்கத்தான் வேண்டும்.

கும்பகோணம் வாசகர்: எண்டோசோயிக்கோமோனாஸ்... வாயில் நுழையவில்லை. யார் இவர்?

இவரும் ஒரு பாக்டீரியாதான். பவளத்தின் உடம்பில் நுழைந்துவிட்டார், உங்கள் வாய் பாக்கி. முதலில் பிடிபட்டது ஜப்பானில் ஒரு கடல் நத்தையில், 2007-இல். பிறகு தேடினால் உலகம் முழுக்க நலமான பவளங்களின் திசுவுக்குள் கொத்துக் கொத்தாக. பவளம் நோயில் விழும்போது பல இடங்களில் இவர் எண்ணிக்கை சரிகிறது.

பாசி வெளியிடும் ஒரு கந்தகப் பொருளை உடைத்து வாயுவாக்கும் வேலையும் இவர் குடும்பத்தில் சிலருக்கு உண்டு. மெரினாவில் மூச்சை இழுத்து "ஆகா, கடல் வாசம்" என்கிறீர்களே, அந்த வாசத்தில் அதே வாயுவுக்குப் பெரிய பங்கு.

ஆறாம் வகுப்பு மாணவன், திருநெல்வேலி: நீமோ மீனை சாமந்தி ஏன் கொட்டுவதில்லை, தாத்தா?

மீனின் மேல் உள்ள சளிதான் காப்பு, கண்ணா. சாமந்தியோடு வாழத் தொடங்கினால் மீனின் தோலில் உள்ள பாக்டீரியாவும் மாறுகிறது. பிரித்து வைத்தால் பழையபடி ஆகிவிடுகிறது. கூடா நட்பு தெரியும் அல்லவா? இது கூடிய நட்பு.

2016-இல் பசிபிக்கில் மூரியா தீவுச் சாமந்திகள் சூட்டில் வெளுத்தன. உள்ளே குடியிருந்த நீமோக்களின் ரத்தத்தில் கவலை ஹார்மோன் ஏறியது, முட்டையிடுவது பாதிக்கும் கீழே போனது. வீடு வெளுத்தால் மீனுக்கும் மனசு கலங்கும்.

ஊட்டி வாசகி: சாமந்திக்கு ஆயுள் எவ்வளவு?

ஸ்காட்லாந்துக் கடற்கரையில் ஜான் டால்யெல் என்பவர் 1828-இல் ஒன்றை எடுத்து ஜாடியில் வைத்தார். அது அவரையும் தாண்டி, அடுத்தடுத்து வளர்த்தவர்களையும் தாண்டி 1887 வரை வாழ்ந்தது. "பாட்டி" என்றே பெயர். பத்திரிகையில் இரங்கல் செய்தி வந்த ஒரே சாமந்தி அநேகமாக இதுதான்.

கரூர் சாயப்பட்டறை ஊழியர்: பவளம் வெளுக்கிறது என்கிறார்களே. சாயம் போகிறதா?

சாயமே பாசிதான். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி ஏறி, சில வாரம் அப்படியே நின்றால் போதும். பாசி சர்க்கரைக்குப் பதிலாக நச்சு ஆக்ஸிஜனைக் கக்கத் தொடங்கும். பவளம் பாசியை வெளியே தள்ளும். வண்ணம் போய் எலும்பு தெரியும். வெளுத்தது செத்தது அல்ல, பட்டினி கிடக்கிறது. சூடு இறங்கினால் பிழைக்கலாம்.

உலகளவில் 1998, 2010, 2014 முதல் 2017, பிறகு 2023-இல் தொடங்கியது என நான்கு முறை வெளுத்தாயிற்று. நான்காவது முறையில், 2025 வாக்கில் எடுத்த கணக்குப்படி, உலகப் பவளப்பாறைப் பரப்பில் சுமார் 84 சதவீதம் வெளுக்க வைக்கும் சூட்டில் நின்றது. ஊருக்கே காய்ச்சல்.

சிவகங்கை வழக்கறிஞர்: வெளுப்பதற்கு பாக்டீரியாவே காரணம் என்று ஒரு வழக்கு இருந்ததே?

பிரமாதமான வழக்கு. 1996-இல் டெல் அவிவ் பேராசிரியர்கள் மத்தியதரைக் கடலின் ஒகுலினா பவளம் ஒவ்வொரு கோடையிலும் வெளுக்கக் காரணம் விப்ரியோ ஷிலோய் என்றார்கள். சான்றெல்லாம் பலம். சில வருடம் கழித்து அதே பாக்டீரியாவைப் பவளத்தில் விட்டால் ஒன்றும் நடக்கவில்லை! பவளத்துக்கு நம்மைப் போல எதிர்ப்பொருள் தயாரிக்கும் வசதி கிடையாது. பின் எப்படித் தாங்கியது?

"கூட்டத்தை மாற்றிக்கொண்டது, புது பாக்டீரியா காப்பாற்றியது" என்று 2006-இல் அதே குழு வாதம் வைத்தது. இன்னொரு தரப்போ, விப்ரியோ குற்றவாளியே அல்ல, சூடுதான் என்கிறது. தீர்ப்பு எப்படி வந்தாலும் லாபம் ஒன்று உண்டு. பவளத்துக்கு நல்ல பாக்டீரியா கொடுக்கலாமே என்ற யோசனை இந்த வழக்கில் பிறந்ததுதான்.

நாமக்கல் இல்லத்தரசி: நல்ல பாக்டீரியா என்றால் தயிர்சாதமா கொடுப்பது?

அவரவர் வீட்டுத் தயிர், அம்மா. பவளத்திலிருந்தே நல்லவர்களைப் பொறுக்கி, வளர்த்து, அதற்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். பிரேசில் விஞ்ஞானி ரக்கேல் பெய்ஷோட்டோ இதில் முன்னோடி. 2021-இல் அவர் குழு பிரேசில் பவளம் ஒன்றுக்கு இப்படிக் கொடுத்துச் சூட்டில் வைத்தது. பிழைத்தவை 40 சதவீதம் கூடின. இப்போது செங்கடலில், நிஜக் கடலுக்குள்ளேயே சோதிக்கிறார்.

ஃப்ளோரிடாவில் 2014 முதல் ஒரு கொடிய நோய் இருபதுக்கு மேற்பட்ட பவள இனங்களின் சதையை உரித்துக்கொண்டிருக்கிறது. அமாக்ஸிசிலின் பசை தடவினார்கள். தடவிய இடம் நின்றது, அடுத்த இடத்தில் புதிதாகத் தொடங்கியது. பிறகு, நோய் தொடாத ஒரு பவளத் துண்டிலிருந்து ஒரு பாக்டீரியாவை ஸ்மித்ஸோனியன் ஆய்வாளர்கள் எடுத்து மற்றவற்றுக்குக் கொடுத்தார்கள். நோய் பரவுவது மட்டுப்பட்டது. 2023-இல் வெளியானது. மெடிக்கல் ஷாப் தோற்ற இடத்தில் வீட்டு வைத்தியம் ஜெயித்தது.

திருப்பூர் ஏற்றுமதியாளர்: அப்புறமென்ன? பாக்டீரியா தூவிப் பவளத்தைக் காப்பாற்றிவிடலாம். கார்பன், புகை என்று எங்களை ஏன் மிரட்டுகிறீர்கள்?

கணக்கு சொல்கிறேன். பூமி 1.5 டிகிரி சூடேறினால் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் போகும். 2 டிகிரி என்றால் 99 சதவீதத்துக்கு மேல். ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2018-இல் சொன்னது. எந்த பாக்டீரியாவும் இந்தக் கணக்கைத் தனியாக மாற்றாது. அது வாங்கித் தருவது அவகாசம். அவகாசத்தை வாங்கிக்கொண்டு அடுப்பை அணைக்காமல் இருந்தால் குற்றம் நம்முடையது, ஐயா. மிரட்டலாக எடுத்துக்கொண்டாலும் சரி.

கடலூர் வாசகர்: பவளத்துக்கு மனிதன் நேரடியாக நோய் கொடுத்தது உண்டா?

உண்டு, வெட்கத்தோடு சொல்கிறேன். ஃப்ளோரிடாவின் மான்கொம்புப் பவளங்களை வெள்ளைப் புள்ளி நோய் அழித்தது. காரணம் செராஷியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியா. எங்கிருந்து வந்தது? மனிதக் கழிவுநீரிலிருந்து. 2011-இல் நிரூபித்துவிட்டார்கள். பிளஷ் அழுத்தியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். கடலில் அப்போதுதான் ஆரம்பம்.

பாம்பன் மீனவர்: எங்கள் மன்னார் வளைகுடாப் பவளப் பார்களைப் பற்றி ஒரு வார்த்தை?

ஒன்று போதாது, அண்ணாச்சி. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகள், 1986-இல் தேசியப் பூங்கா, நூற்றுக்கு மேற்பட்ட பவள இனங்கள். அவற்றை முருகைக்கல் என்று வெட்டிச் சுண்ணாம்புக்கு அள்ளிய காலம் நீங்கள் பார்த்தது. இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போனதும் உங்களுக்குத் தெரியும். 2010-இலும் 2016-இலும் சூட்டில் வெளுத்ததையும் பார்த்திருப்பீர்கள்.

பார் இருந்தால் மீன் இருக்கும் என்று உங்கள் தாத்தா சொன்னதைத்தான் விஞ்ஞானமும் சொல்கிறது. கடலடிப் பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லாத பவளப்பாறை, கடல் இனங்களில் கால்வாசிக்கு இடம் தருகிறது.

ராஜபாளையம் வாசகி: படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவதைத் தவிர நான் என்ன செய்ய முடியும்?

செய்யலாம். ராமேஸ்வரத்திலோ கன்னியாகுமரியிலோ வெள்ளைப் பவளத் துண்டை நீட்டி "அலமாரிக்கு அழகு" என்று யாராவது விலை சொன்னால் வாங்காதீர்கள். பாறை கட்டும் பவளம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. கண்ணாடிப் படகில் போனால் இறங்கி மிதிக்காதீர்கள். உங்கள் நகராட்சிக் கழிவுநீர் சுத்திகரித்துப் போகிறதா, அப்படியே ஆற்றுக்குப் போகிறதா என்று அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவரிடம் கேளுங்கள். ராஜபாளையத்துக்கும் கடலுக்கும் தூரம் அதிகம்தான். ஆனால் சாக்கடைக்கு வழி தெரியும்.